பச்சை விளக்கில் அமீபா: செத்ததா, தூங்குகிறதா?

தொடக்கக் கேள்வி, பிப்ரவரி 3
"காண்டாக்ட் லென்ஸால் கண்ணில் அமீபா தொற்று வந்தவருக்கு மணிக்கொரு சொட்டு, ராத்திரியெல்லாம் அலாரம், அப்புறம் மாதக்கணக்கில் மருந்து. ரோஸ் பெங்கால் சாயம் விட்டுப் பச்சை விளக்கு அடித்தால் 15 நிமிடத்தில் முடிந்துவிடும் என்று படித்தேன். ஆய்வகத்தில் நிரூபித்தும்விட்டார்களாம். பிறகு ஏன் இன்னும் சொட்டு மருந்தோடு மல்லுக்கட்டுகிறார்கள்? மருந்து விற்கத்தானே?"

பிப்ரவரி 3, இரவு 10:10

மருந்துக் கம்பெனிச் சதியைப் பிறகு பார்ப்போம். "ஆய்வகத்தில் நிரூபித்தும்விட்டார்களாம்" என்ற இடம்தான் எனக்கு உறுத்துகிறது. இரண்டரை வருடம் நான் செய்த வேலையே அதுதான். அகாந்தமீபாவை வளர்ப்பது, சாயம் போடுவது, விளக்கு அடிப்பது, செத்ததா என்று எண்ணுவது. முதல் மூன்றும் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். நான்காவது எனக்குக் கடைசிவரை முழுசாகப் பிடிபடவில்லை.

இந்த அமீபாவுக்கு இரண்டு நிலை. ஒன்று, ஊர்ந்து தின்று பெருகும் நிலை. உடம்பெல்லாம் முள் முள்ளாக நீட்டிக்கொண்டு நகரும். முள்ளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் அதற்குப் பெயரே வந்தது. இன்னொன்று சிஸ்ட், அதாவது கூடு. சாப்பாடு தீர்ந்தாலோ யாராவது தொந்தரவு செய்தாலோ தன்னைச் சுற்றி இரட்டைச் சுவர் எழுப்பிக்கொண்டு உள்ளே சுருண்டுவிடும். சுவரில் செல்லுலோஸ் இருக்கிறது, மரக்கட்டையில் இருக்கும் அதே சரக்கு. ஊர்வதைக் கொல்ல எது வேண்டுமானாலும் போதும். கூட்டைக் கொல்வதுதான் பெரும்பாடு. மாதக்கணக்கில் சொட்டு விடுவது இந்தக் கூட்டுக்காகத்தான். 20 வருடத்துக்கு மேல் காய்ந்து கிடந்த ஆய்வகத் தட்டிலிருந்து கூடுகள் மறுபடி உயிர்த்து வந்ததாக 2008இல் ஒரு கட்டுரை வந்தது. 15 நிமிட விளக்கு என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் காய்ந்த தட்டுதான் ஞாபகம் வரும்.

பிப்ரவரி 4, காலை 7:25

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். "ஊர்வதைக் கொல்ல எது வேண்டுமானாலும் போதும்" என்றது தூக்கக் கலக்கம். அப்படியில்லை. ரைபோஃப்ளேவின் சொட்டுவிட்டு 365 நானோமீட்டர் புற ஊதா ஒளி அடித்துப் பார்த்தார்கள், 2011இல். கூட்டை விடுங்கள், ஊர்கிற அமீபாவே அசரவில்லை. வேடிக்கை என்னவென்றால், அதே 2011இல் அதே முறையால் மூன்று நோயாளிகளுக்குக் குணமானதாக இன்னொரு கட்டுரையும் வந்திருந்தது. தட்டில் சாகாத அமீபா கண்ணில் எப்படிச் செத்தது? இந்தக் கேள்விக்குத் திரும்பி வருகிறேன். இப்போது வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

பிப்ரவரி 4, மதியம் 1:40

சாப்பாட்டு இடைவேளை. இரண்டு முறைகளையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம், அதனால் இது.

முதலாவது, ரைபோஃப்ளேவின் (வைட்டமின் பி2தான்) சொட்டு, மேலே புற ஊதா. இது கிருமிக்காகப் பிறந்த வைத்தியமே இல்லை. கருவிழி (கார்னியா) கூம்பிப்போகும் கெரட்டோகோனஸ் நோய்க்கு ஜெர்மனியின் டிரெஸ்டனில் உருவாக்கினார்கள். சாயமும் ஒளியும் சேர்ந்து கருவிழியின் கொலாஜன் இழைகளுக்குள் குறுக்குப் பிணைப்பு போட்டு விறைப்பாக்கும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3 மில்லிவாட், 30 நிமிடம், பெருக்கினால் 5.4 ஜூல். அப்புறம் யாரோ, ஒளி கிருமியையும் கொல்லுமே, புண்ணுக்கும் அடித்துப் பார்த்தால் என்ன என்று யோசித்தார்கள்.

இரண்டாவது, ரோஸ் பெங்கால். வறண்ட கண்ணைச் சோதிக்க மருத்துவர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தும் இளஞ்சிவப்புச் சாயம். இதற்குப் பச்சை ஒளி. மயாமியில் உள்ள பாஸ்கம் பால்மர் கண் மையம்தான் இதை நோயாளிகள்வரை கொண்டுபோனது. அங்கே 6 மில்லிவாட், 15 நிமிடம். பெருக்கிப் பாருங்கள், அதே 5.4 ஜூல். தற்செயல் இல்லை, பழைய கணக்கை அப்படியே வாங்கிக்கொண்டார்கள்.

வேலை நடக்கும் விதம் இதுதான்: சாய மூலக்கூறு ஒளியை விழுங்கி, அந்தச் சக்தியைப் பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனிடம் கைமாற்றுகிறது. துள்ளி எழுந்த அந்த ஆக்சிஜன் எதிரில் பட்டதை எல்லாம் அரிக்கும். ரோஸ் பெங்கால் இந்த வேலையில் படு கெட்டி. விழுங்கிய ஒளித்துகள் நாலில் மூன்று பங்குக்கு அந்த ஆக்சிஜனைக் கக்கிவிடும். ஆனால் அதன் ஆயுள் தண்ணீரில் மூன்று நான்கு மைக்ரோசெகண்ட். அதற்குள் ஓடக்கூடிய தூரம் ஒரு மைக்ரானுக்கும் கீழே. ஆக, சாயம் எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் அடி விழும். எங்கள் தட்டில் சாயம் போட்டுக் கழுவிப் பார்த்தால் கூட்டின் வெளிச்சுவர் மட்டும் ரோஜா நிறத்தில் வளையமாகத் தெரியும். உள்ளே இருப்பது வெளேரென்று இருக்கும். வாசல் கதவுக்கு வெடி வைத்துவிட்டு உள்ளே இருப்பவர் செத்துவிட்டார் என்று எழுதுவதா?

பிப்ரவரி 5, இரவு 11:00

என் முதல் மூன்று மாதக் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பெரிய ஆராய்ச்சியாளர் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

24 குழி தட்டில் அமீபாவை விட்டு, 0.1 சதவீத ரோஸ் பெங்கால் ஊற்றி, மேலே பச்சை விளக்கைப் பொருத்தி 15 நிமிடம் அடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அடித்தேன், அரை மணி நேரம். ஒன்றும் நடக்கவில்லை. "இந்த முறை வேலை செய்யாது" என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். எங்கள் சீனியர் அக்கா ஒருவர் எட்டிப் பார்த்தார். தட்டைத் தூக்கி ஜன்னல் பக்கம் பிடித்து, "இதுக்குள்ள உன் விரல் தெரியுதா?" என்று கேட்டார். தெரியவில்லை. ரசம் மாதிரி அடர்த்தி.

அப்போதுதான் கணக்குப் போட்டேன். அந்தச் செறிவில் சாயம் பச்சை ஒளியை மேலேயுள்ள 0.1, 0.2 மில்லிமீட்டருக்குள்ளேயே குடித்துத் தீர்த்துவிடும். குழியில் நான் ஊற்றியிருந்த ஆழம் மூன்று மில்லிமீட்டர். அமீபா எங்கே இருக்கும்? அடியில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே நெருப்பு மாதிரி ஒளி, கீழே கும்மிருட்டு. அமீபாக்கள் நிம்மதியாகத் தூங்கியிருக்கும்.

சாயத்தில் ஊறவைத்து, வழித்தெடுத்துவிட்டு, மெல்லிய ஈரப்படலத்தோடு அடித்ததும் முடிவு தலைகீழ். ஊர்கிறவை உருண்டு வெடித்தன. ஒரே சாயம், ஒரே விளக்கு, ஒரே 5.4 ஜூல். ஆகவே "ரோஸ் பெங்கால் கொல்லும்", "கொல்லாது" என்று இரண்டு கட்டுரை வந்தால் முதலில் நான் தேடுவது திரவத்தின் ஆழம் எத்தனை மில்லிமீட்டர் என்று. பாதிக் கட்டுரைகளில் அது இருக்காது.

பிப்ரவரி 6, காலை 6:50

இரவு படுத்த பிறகு தோன்றியது. இதே கணக்கு கருவிழிக்கும் பொருந்தும். கருவிழியின் நடுப்பகுதி தடிமன் சுமார் 540 மைக்ரான். ரோஸ் பெங்கால் மேல் 100 மைக்ரானைத் தாண்டி அவ்வளவாக இறங்குவதில்லை. ரைபோஃப்ளேவின் 300 மைக்ரான்வரை போகும், ஆனால் அமீபாவை அது தொடுவதில்லை. இறங்குகிறவனுக்கு அடிக்கத் தெரியாது, அடிக்கத் தெரிந்தவனுக்கு இறங்க முடியாது.

அதனால் தொற்று எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. ஆரம்பத்தில் அமீபா மேல்தோலோடு நிற்கும். அப்போது ஒளி எட்டும். ஆனால் ஆரம்பத்தில் இதைப் பெரும்பாலும் ஹெர்பிஸ் வைரஸ் என்று நினைத்து வேறு மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள். வளையமாகச் சீழ் கோத்து, வலி தாங்காமல் போன பிறகுதான் அமீபா என்று சந்தேகமே வரும். அதற்குள் அது கீழே போயிருக்கும்.

பிப்ரவரி 7, மாலை 5:15

"வீட்டில் புற ஊதா டார்ச் இருக்கிறது, அடித்துப் பார்க்கலாமா" என்று கேட்டவருக்கு: வேண்டாம். தட்டில் அமீபாவே அசராத ஒளியை உங்கள் கண்ணுக்கு அடித்தால் வேகப்போவது உங்கள் கருவிழி. வெல்டிங் பார்த்த கண் மாதிரி ராத்திரி முழுக்க மணல் உறுத்தும். பச்சை லேசர் பாயின்ட்டரும் வேண்டாம். அது விழித்திரையைச் சுட்டுவிடும். அடுத்த கேள்வி.

பிப்ரவரி 8, இரவு 9:30

அடுத்த கேள்வி நன்றாக இருக்கிறது: சாயமும் ஒளியும் சேர்ந்தால் உயிரைக் கொல்லும் என்று முதலில் கண்டுபிடித்தது யார்?

மியூனிக்கில் ஆஸ்கர் ராப் என்ற மருத்துவ மாணவர். பேராசிரியர் டாப்பைனரின் ஆய்வகம். 1900இல் வெளியிட்டார். எதைக் கொன்றார் தெரியுமா? பாரமீசியம். ஒட்டுண்ணி இல்லை, ஆனால் அமீபாவைப் போலவே ஒற்றைச் செல் உயிர்தான். அக்ரிடின் சாயத்தின் நஞ்சு எவ்வளவு என்று அளந்துகொண்டிருந்தவருக்கு ஒருநாள் சீக்கிரம் செத்தன, இன்னொரு நாள் வெகுநேரம் நீந்தின. வித்தியாசம் சாயத்தில் இல்லை, அன்றன்றைக்கு இருந்த வெளிச்சத்தில் என்று கண்டுகொண்டார். ஆக, இந்தத் துறையே ஒரு பாழாய்ப்போன கன்ட்ரோலில் (ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் குழு) பிறந்தது.

எனக்கும் அதேதான் நடந்தது, பெயர்தான் வரவில்லை. நான்கு குழு வைக்க வேண்டும்: ஒன்றுமில்லாதது, சாயம் மட்டும், ஒளி மட்டும், இரண்டும். "சாயம் மட்டும்" குழுவை அலுமினியத் தாளில் சுற்றி இருட்டில் வைக்க வேண்டும். ஒரு முறை இருட்டுக் குழுவும் பாதிக்கு மேல் செத்திருந்தது. சாயமே நஞ்சு என்று முடிவு கட்டி, குறிப்பு எழுதி, ஆய்வக மேடத்திடம் காட்டவும் போய்விட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் குழாயை வாங்கித் திருப்பிப் பார்த்தார். தாள் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. என் மேசை ஜன்னலோரம். மேகம் கலைந்து வெயில் வந்த மத்தியானம்.

ராப் அதிலிருந்து ஒரு துறையை எடுத்தார். நான் தாளை மாற்றினேன்.

பிப்ரவரி 11, இரவு 11:45

சரி, ஒன்பதாம் நாள் கதை. இதைச் சொல்லத்தான் முதல் நாளே ஆரம்பித்தேன், நடுவில் எங்கெங்கோ போய்விட்டது.

ஊர்கிற நிலையில் நல்ல முடிவு வந்த தைரியத்தில் கூடுகளுக்குப் போனேன். சாயத்தில் ஊறவைத்து, ஒளி அடித்து, டிரிப்பன் நீலம் போட்டுப் பார்ப்பது. செத்த செல் நீலத்தை உறிஞ்சும், உயிருள்ளது உறிஞ்சாது என்பது பாடம். ஆனால் கூட்டின் சுவரே சாயங்களை உள்ளே விடுவதில்லை. உள்ளே செத்துக் கிடந்தாலும் நீலம் ஏறாமல் இருக்கலாம். சுவர் மட்டும் கிழிந்து உள்ளே உயிரோடு இருந்தாலும் நீலம் தெரியலாம். போதாததற்கு ஏற்கெனவே ரோஸ் நிறம். ஊதாவை நீலம் என்று எண்ணுவதா, ரோஸ் என்று எண்ணுவதா? நானும் இன்னொரு பையனும் ஒரே கண்ணாடித் தகட்டைத் தனித்தனியாக எண்ணினோம். எங்கள் எண்கள் எட்டிக்கூடப் பார்த்துக்கொள்ளவில்லை.

அதனால் பழைய வழிக்குப் போனோம். சத்தே இல்லாத அகர் கூழ்த் தட்டு, மேலே சூட்டில் கொன்ற ஈ.கோலை பாக்டீரியாவை மெல்லிசாகப் பூசுவது. அமீபாவுக்கு அதுதான் விருந்து. நடுவில் கூடுகளை ஒரு சொட்டு வைத்து, ஓரத்தை ஒட்டி, சூடு பண்ணாமல் வைத்துவிட வேண்டும். உயிர் இருந்தால் வெளியே வந்து தின்றுகொண்டே போகும். போன வழியில் பூச்சு அழிந்து பாதை தெரியும். தட்டைக் கவிழ்த்து அடிப்பக்கமிருந்து பார்க்கலாம், திறக்கவே வேண்டாம்.

ஒளி படாத தட்டில் இரண்டாம் நாளே பாதைகள். ஒளி பட்ட தட்டில் மூன்றாம் நாள் சுத்தம். ஐந்தாம் நாள் சுத்தம். ஏழாம் நாளும் சுத்தம். ஏழு நாள் என்பது அன்றைக்கு எங்கள் வழக்கம். "கூடுகள் முழுமையாக அழிந்தன" என்று சுருக்கம் எழுதினேன், கருத்தரங்குக்கு அனுப்ப. சனிக்கிழமை தட்டுகளை ஆட்டோகிளேவில் (நீராவியில் எல்லாவற்றையும் கொல்லும் இயந்திரம்) போட வேண்டும். சோம்பலில் போடவில்லை. திங்கள்கிழமை போடலாம் என்று அடுக்கை எடுத்தவன் சும்மா ஒருமுறை கவிழ்த்துப் பார்த்தேன்.

ஓரத்தில் ஒரு கூடு. வெளிச்சுவர் சுருங்கி, உள்சுவர் கோணல் நட்சத்திரம் மாதிரி, எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் உள்ளே ஒன்றுமில்லை. காலி. சுவரில் உள்ள துளை ஒன்றின் மூடி திறந்திருக்கிறது. அங்கிருந்து ஒரு மெல்லிய கோடு, பூச்சில் நகத்தால் கீறினதுபோல் வளைந்து வளைந்து போகிறது. கோட்டின் முடிவில் அது உட்கார்ந்திருந்தது. உடம்புக்குள் ஒரு குமிழி மெதுவாக ஊதிப் பெருத்து, சட்டென்று சுருங்கி, மறுபடி ஊதியது. நிமிடத்துக்கு ஒன்று என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த மாதத்தில் நான் பார்த்ததிலேயே அழகான விஷயம் அதுதான், அதுதான் என் சுருக்கத்தையும் கொன்றது.

பதினான்காம் நாள் ஒளி பட்ட ஆறு தட்டில் நான்கில் பாதை. சுருக்கத்தைத் திரும்பப் பெற்றேன்.

பிப்ரவரி 12, காலை 7:10

"அப்படியானால் ஒளி வேலையே செய்யவில்லையா?" என்கிறார்கள். செய்தது. ஒளி படாத தட்டில் இரண்டாம் நாள் வந்தது, பட்டதில் ஒன்பதாம் நாள் வந்தது. எண்ணிக்கையும் வெகுவாகக் குறைந்தது. ஆனால் குறைவு வேறு, பூஜ்யம் வேறு. கண்ணில் மிஞ்சின ஒன்று போதும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. அரைகுறையாக அடித்தால் ஊர்கிறவை பயந்து கூடு கட்டிக்கொள்கின்றன. மறுநாள் எண்ணினால் "ஊர்கிற அமீபா 0". அது வெற்றியா, விரட்டி உள்ளே பூட்டியதா?

பிப்ரவரி 12, காலை 7:30

"பயந்து" என்பது பேச்சுக்கு. அமீபாவுக்குப் பயமெல்லாம் கிடையாது என்று யாரும் எழுத வேண்டாம்.

பிப்ரவரி 15, இரவு 10:20

இப்போது மனிதர்கள். பிப்ரவரி 4 காலை விட்டுப்போன கேள்வி: தட்டில் சாகாதது கண்ணில் எப்படிக் குணமாகிறது?

ஒளி அடிப்பதற்கு முன் கருவிழியின் மேல்தோலைச் சுரண்டி எடுப்பார்கள், சாயம் இறங்க. அமீபா ஆரம்பத்தில் குடியிருப்பதே அங்கேதான். சுரண்டும்போதே ஒரு கூட்டம் குப்பைக்குப் போய்விடும். தோல் போனதால் பிறகு விடும் சொட்டு மருந்தும் நன்றாக இறங்கும். அந்தச் சொட்டை யாரும் நிறுத்துவதும் இல்லை. ஒளி, சுரண்டல், சொட்டு, மூன்றும் நடந்து குணமானால் பாராட்டு மட்டும் விளக்குக்குப் போகிறது. ரைபோஃப்ளேவின் விஷயத்தில் இன்னொன்று: கொலாஜன் விறைப்பதால் புண் கரைவது நிற்கலாம். கிருமி சாகாமலே கண் பிழைக்கலாம், அது நல்லதுதான். ஆனால் "அமீபாவைக் கொன்றது" என்று எழுதக் கூடாது. முயல்களில் 2013இல் பார்த்தபோது அதுவும் உதவவில்லை.

சொட்டு மருந்தையும் குறைத்து எடைபோடாதீர்கள். 135 பேரை வைத்து நடந்த சோதனை 2023இல் வெளிவந்தது: பாலிஹெக்ஸனைட் 0.08 சதவீதம் தனியாக ஒரு பிரிவு, 0.02 சதவீதத்தோடு புரோபாமிடின் சேர்த்து ஒரு பிரிவு. இரண்டிலும் ஏறக்குறைய 85 சதவீதத்துக்குக் குணம். எந்த நேரம் எத்தனை சொட்டு, எப்போது குறைப்பது என்று அட்டவணை போட்டு ஒழுங்காக விட்டதற்கே அது. மயாமிக்காரர்களின் 2019 அறிக்கையில் 18 கண்கள். 72 சதவீதம் மாற்றுக் கருவிழி அறுவைக்குப் போகாமல் தப்பின. 72ஐவிட 85 பெரிது. விளக்கு எதற்கு?

பிப்ரவரி 16, காலை 8:00

நேற்றைய கடைசி வரியை வாபஸ் வாங்குகிறேன். இரண்டு பேர் பிடித்துவிட்டார்கள், சரியாகவே பிடித்தார்கள்.

அந்த 18 கண்களும் மருந்துக்கு மசியாமல் மோசமாகிக்கொண்டே போனவை. எல்லாம் அமீபாவும் இல்லை, பூஞ்சைகளும் கலந்திருந்தன. 85 சதவீதச் சோதனையில் இருந்தவர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. ஒன்று முதல் மாணவர்கள் வகுப்பு, இன்னொன்று தோற்றுத் திரும்பி வந்தவர்கள் வகுப்பு. இரண்டின் மதிப்பெண்ணையும் பக்கத்தில் வைத்தது என் தவறு. வெற்றிக்கான அளவுகோலும் வேறு: ஒன்றில் "குணம்", இன்னொன்றில் "அறுவை தவிர்ப்பு". பின்னது மருத்துவர் எப்போது கத்தி எடுக்க முடிவு செய்கிறார் என்பதையும் பொறுத்தது.

ஆனால் இதனால் விளக்கு ஜெயித்துவிடவில்லை. கன்ட்ரோல் பிரிவு இல்லாத 18 கண்ணிலிருந்து எந்தப் பக்கமும் தீர்ப்பு எழுத முடியாது. அவ்வளவுதான் நேற்றே எழுதியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 19, மாலை 6:40

"ஒளியால் கண்ணுக்குள் ஒட்டுண்ணியைக் கொன்றதே இல்லையா" என்று கேட்டவருக்கு ஒரு நல்ல செய்தி. உண்டு. விழித்திரைக்கு அடியில் நூல் மாதிரி ஒரு புழு ஊர்ந்து திரிந்து பார்வையைத் தின்னும் நோய் ஒன்று உண்டு; அமெரிக்கக் கண் மருத்துவர் காஸ் 1970களின் இறுதியில் விவரித்தார். புழு அரை மில்லிமீட்டரிலிருந்து இரண்டு மில்லிமீட்டர்வரை. மருத்துவர் அதைக் கண்ணால் கண்டுபிடித்துவிட்டால் லேசரால் அந்த இடத்திலேயே சுட்டுவிடுகிறார். கண்டுபிடிப்பதுதான் சிரமம். விளக்கை அடித்துத் தேடினால் வெளிச்சம் பிடிக்காமல் அது நகர்ந்து போகும். ஆனால் அது சூட்டால் கொல்வது. சாயம், ஆக்சிஜன் கதை எதுவும் அங்கே இல்லை. ஒரு புழு, ஒரு குறி. அமீபாவுக்கு அந்த வழி செல்லாது, ஆயிரம் கூட்டை எங்கே போய்க் குறி பார்ப்பது?

இமை மயிர்க்காலில் குடியிருக்கும் டெமோடெக்ஸ் உண்ணிக்குத் தோல் மருத்துவர்களின் துடிப்பொளி அடிக்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் சூடுதான். அதற்கு இப்போது லோட்டிலனர் என்ற சொட்டே வந்துவிட்டது, அமெரிக்காவில் 2023இல் அனுமதி கிடைத்தது. உண்ணி என்றதும் இமையைத் தடவிப் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள். நானும்தான்.

பிப்ரவரி 24, இரவு 10:05

பூஞ்சைப் பக்கம் நடந்ததைச் சொல்லாவிட்டால் இந்த இழை முழுமையாகாது. தட்டில் நன்றாகத் தோன்றுவது மனிதக் கண்ணில் என்ன ஆகும் என்பதற்கு நேரடிப் பாடம் அங்கேதான் இருக்கிறது.

அரவிந்த் கண் மருத்துவமனையில் ஆழமான பூஞ்சைப் புண்ணுக்கு ரைபோஃப்ளேவின் புற ஊதா முறையைக் கன்ட்ரோலோடு சோதித்தார்கள், 2015இல் வெளிவந்தது. ஒளி பெற்ற பிரிவில் கருவிழி ஓட்டையாவது அதிகமானதால் சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். பிறகு இன்னும் பெரிதாக, 111 பேரோடு ஒன்று, 2020இல் வெளிவந்தது. பலன் இல்லை, ஒளி பெற்றவர்களின் பார்வை சற்று மோசமாகவே இருந்தது.

அதற்கு முந்தைய வருடங்களில் கன்ட்ரோல் இல்லாத சின்னச் சின்ன அறிக்கைகள் எத்தனை வந்தன, "நம்பிக்கை தருகிறது" என்று முடியாத ஒன்று இருந்ததா? குணமான மூன்று பேரைப் பற்றி எழுதுவார்கள், ஓட்டையான மூன்று பேரைப் பற்றி எழுத மாட்டார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. நானே ஒன்பதாம் நாள் தட்டைக் கவிழ்த்துப் பார்க்காமல் இருந்திருந்தால் என் சுருக்கமும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும்.

பாதியில் நிறுத்தியவர்களை நான் மதிக்கிறேன். நிறுத்துவது, அனுப்பிய சுருக்கத்தைத் திரும்பப் பெறுவதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

பிப்ரவரி 25, காலை 7:00

தொடக்கக் கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, "அப்படியானால் நீங்கள் ஒளிக்கு எதிரியா" என்கிறார். இல்லையப்பா. ரோஸ் பெங்காலுக்கு இடம் உண்டு என்றே நினைக்கிறேன்: தொற்று மேலோட்டமாக இருக்கும்போதே பிடித்து, சுரண்டலும் சொட்டும் இரண்டு பிரிவிலும் சமமாக வைத்து, ஒளியை மட்டும் மாற்றிச் சோதித்தால் ஏதாவது தெரியும். மெத்திலீன் நீலத்தையும் ஒளியையும் பாலிஹெக்ஸனைடோடு சேர்த்தால் தட்டில் ஒன்றுக்கொன்று கைகொடுக்கிறது என்று 2012இலேயே பார்த்திருக்கிறார்கள். ஒளி சுவரைக் கிழித்து, மருந்து உள்ளே போகட்டும் என்ற யோசனை எனக்குப் பிடிக்கிறது. வாசலில் வெடி என்று முன்னால் கிண்டல் செய்தேனே, கதவு உடைந்தால் வேறு ஒருவர் உள்ளே போகலாம் அல்லவா. மணிக்கொரு சொட்டை இரண்டு மணிக்கொரு சொட்டாகக் குறைத்தாலே அந்த நோயாளி தூங்குவார்.

சதிக் கதை மட்டும் வேண்டாம். சாயமும் விளக்கும்கூட விற்பனைக்குத்தான்.

பிப்ரவரி 26, இரவு 9:15

5.4 ஜூல் பற்றி ஒரு பின்யோசனை. 3 மில்லிவாட் 30 நிமிடமும் 6 மில்லிவாட் 15 நிமிடமும் பெருக்கினால் ஒன்றுதான், ஆனால் பலன் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒளி வேகமாக வந்தால் ஆக்சிஜன் வேகமாகத் தீரும். தீர்ந்த பிறகு விழும் ஒளி வீண். வெளியிலிருந்து ஆக்சிஜன் ஊற நேரம் வேண்டும். "இரண்டு மடங்கு வெளிச்சம், பாதி நேரம்" என்று நானும் ஒரு சாயங்காலம் வீட்டுக்குச் சீக்கிரம் போகும் ஆசையில் செய்திருக்கிறேன். அன்றைய எண்கள் மற்ற நாள் எண்களோடு சேரவே இல்லை. அந்தப் பக்கத்தை நோட்டிலிருந்து கிழிக்கவில்லை, ஓரத்தில் "பேராசை" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

மார்ச் 2, இரவு 10:50

ஆய்வுக்கு இதே தலைப்பை எடுத்திருக்கும் ஒருவர் எப்படித் தொடங்குவது என்று கேட்டிருக்கிறார். எனக்கு யாராவது முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியவை:

கூடு என்றால் எத்தனை நாள் கூடு என்று எழுதுங்கள். ஒருநாள் கூடு வெறும் தோல். அதைக் கொன்றுவிட்டுக் கூட்டைக் கொன்றேன் என்று சொல்வது ஏமாற்று. குறைந்தது ஒரு வாரமாவது முற்றவிடுங்கள். அரை சதவீத எஸ்.டி.எஸ். சோப்பில் கழுவினால் முற்றாதவை கரைந்துபோகும், முற்றியவை நிற்கும். திரவத்தின் ஆழத்தை அளந்து எழுதுங்கள். விளக்கின் ஒளியைக் குழியின் அடியில் அளக்க வேண்டும், விளக்கின் வாயில் இல்லை. தட்டு மூடியைத் திறந்து அடிக்கிறீர்களா, மூடி வைத்தா என்பதும் முக்கியம், பிளாஸ்டிக் புற ஊதாவைத் தின்னும். சூடு ஏறுகிறதா பாருங்கள். அகரில் வைக்கும் முன் சாயத்தை நன்றாகக் கழுவுங்கள், இல்லாவிட்டால் அறை வெளிச்சமே உங்களுக்குத் தெரியாமல் மிச்ச வேலையைச் செய்துகொண்டிருக்கும். எண்ணுகிறவருக்கு எந்தத் தட்டு எது என்று தெரியக் கூடாது. நான் எண்ணும்போது எனக்குத் தெரிந்திருந்தது, அது என் எண்களில் தெரிகிறது.

தட்டை 14 நாள் வையுங்கள். இடம் இருந்தால் இன்னும் ஒரு வாரம். சனிக்கிழமை ஆட்டோகிளேவ் போடச் சொல்லி யாராவது நச்சரித்தால் திங்கள் என்று சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு 10:58

இருட்டுக் குழுவுக்கு அலுமினியத் தாள் இரண்டு சுற்று. ஜன்னலோர மேசை கொடுத்தால் வாங்காதீர்கள்.